இடது கைக்கு அரை இன்ச்

என் கை வீங்க ஆரம்பித்ததை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கும் அக்கா. 2022 ஜூன் மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் தைக்கக் கொடுத்திருந்தேன். போட்டுப் பார்த்தால் இடது கை மட்டும் இறுக்கிப் பிடித்தது. அவர் தன் அளவு நோட்டை எடுத்துப் புரட்டினார். இரண்டு வருடத்துக்கு முன்னால் எழுதி வைத்த கைச்சுற்று பன்னிரண்டரை இன்ச். டேப்பைச் சுற்றிப் பார்த்தார். வலது கை அதே பன்னிரண்டரை, இடது கை பதிமூன்று. "ஏனுங்க, ஒரு கை மட்டும் பெருத்திருக்குது? அரை இன்ச் பிரிச்சு விட்டுடறேன். டாக்டருகிட்ட ஒருக்கா காட்டிருங்க" என்றார். தையலை மட்டும் பிரித்து விடச் சொல்லிவிட்டு வந்தேன். டாக்டரிடம் காட்டவில்லை. அந்த அரை இன்ச்சுக்காக அடுத்த எட்டு மாதத்தில் நான் செலவழித்தது 82,900 ரூபாய். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டிலோடு படுத்துக் கிடந்தது தனி.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். எனக்குக் கரூர். வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2021 ஆகஸ்டில், 44 வயதில், இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி. கோவையில் ஆபரேஷன். மார்பை முழுதாக எடுத்தார்கள், அக்குளில் இருந்து நிணநீர் முடிச்சுகளான 18 நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். அதில் இரண்டில் நோய் இருந்தது. மூன்று வாரத்துக்கு ஒன்றாக, சிவப்பு நிற மருந்து ஏற்றும் கீமோ நான்கு, அப்புறம் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. பிறகு 15 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு. 2022 ஏப்ரல் கடைசியில் எல்லாம் முடிந்தது. அந்த எட்டு மாதக் கதையை எழுத நான் உட்காரவில்லை. அப்போது எனக்கு என்ன நடக்கும், எப்போது முடி கொட்டும், எந்த நாளில் வாந்தி வரும் என்று சொல்ல ஆள் இருந்தது. அதற்குப் பிறகு வந்த மூன்று வருடத்துக்குத்தான் யாரும் இல்லை.

கடைசி கரண்ட் வைத்த அன்று மைசூர்பா வாங்கிக் கொடுத்தோம். டாக்டர் டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை, 20 மில்லிகிராம், எழுதினார், தினம் ஒன்று, ஐந்து வருடம், தேவைப்பட்டால் பத்து. "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார். பஸ்ஸில் வரும்போது சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே வந்தேன். காங்கயம் தாண்டியதும் அழுகை வந்துவிட்டது. எதற்கென்று என் கணவர் கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாராவாரம் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஊசி போட்டு, யாரோ ஒருவர் அந்த நோயோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். அது நின்றுவிட்டது, இனி வந்தால் யார் பார்ப்பது என்ற பயம்தான் அது என்று வெகுநாள் கழித்துப் புரிந்தது. அந்த அழுகை வந்தால் நன்றிகெட்டவள் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். சிகிச்சை முடிந்த நிறையப் பேருக்கு அது வருகிறது.

வீட்டுக்கு வந்தால் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். "உசுரு தப்புனதே பெருசு." என் மாமியார் சொன்னார், பெரியப்பா சொன்னார், பால்காரர்கூடச் சொன்னார். பாசமாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த வார்த்தை என் வாயைக் கட்டிப்போட்டது. கால் மரத்துப் போகிறது, ராத்திரி வியர்த்துக் கொட்டுகிறது, கை பாரமாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தால், உயிரே கிடைத்திருக்கிறது, இதைப் போய்ச் சொல்வதா என்று நானே விழுங்கிக்கொள்வேன். ஜூலையில் முதல் செக்கப். நாலு நிமிஷம். "எப்படி இருக்கீங்க?" "நல்லா இருக்கேன் டாக்டர்." வெளியே இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் மொட்டைத் தலையோடு. முடி முளைத்து வந்த நான் அவர் நேரத்தை எப்படி எடுப்பது? இனி நான் சொல்லப்போகும் நஷ்டம் பெரும்பாலும் அந்த "நல்லா இருக்கேன் டாக்டர்" என்ற பதிலில் ஆரம்பித்தது.

முதலில் கால். வாரக் கீமோ மருந்தான பாக்லிடாக்செல் விரல் நுனி நரம்புகளைப் பாதிக்கும் என்று கீமோவின்போதே சொல்லியிருந்தார்கள். மருந்து நின்றதும் சரியாகிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டேன். மே மாதம் நேர்த்திக்கடனுக்காகப் பசுபதீஸ்வரர் கோயிலுக்குப் போய், பதினோரு மணி வெயிலில் வெளிப்பிரகாரத்தை மூன்று சுற்றுச் சுற்றினேன். மற்றவர்கள் எல்லாம் துள்ளித் துள்ளி ஓடினார்கள், எனக்கு ஒன்றும் சுடவில்லை. அம்மன் அருள் என்றுகூட நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். ஆற மூன்று வாரம் ஆயிற்று. சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்வதெல்லாம் நமக்கும் பொருந்தும்: ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைப் பார்ப்பது, பின்பட்டை உள்ள செருப்புப் போடுவது, குளிக்கும் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்ப்பது. கோயிலுக்குக் காலை ஆறு மணிக்குப் போங்கள். எனக்குக் கை விரல் மரப்பு ஒரு வருடத்தில் போனது, கால் கட்டை விரல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

இனி கைக்கு வருகிறேன். தீபாவளிக்கு வளையல் போட முடியவில்லை. சோப்புப் போட்டு ஏற்றிய வளையல் இறங்கவும் இல்லை. முறுக்கு மாவு பிசைந்ததால் வந்த வீக்கம் என்று முடிவு செய்தோம். அத்தை, "நீர் கோத்திருக்குது, உருவி விட்டாச் சரியாயிரும்" என்றார். பக்கத்து ஊரில் நரம்பு உருவி விடுகிறவர் ஒருவர். 21 நாள், நாளுக்கு 600 ரூபாய், எண்ணெய் தனியாக 3,200. அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்குத் தெரிந்ததைச் செய்தார். அழுத்தி அழுத்தி உருவினார். உருவிய அன்று சாயந்தரம் இளகின மாதிரி இருக்கும், மறுநாள் முன்னைவிட வீங்கும். கடைசி வாரம் உப்பு ஒத்தடமும் கொடுக்கச் சொன்னார். நான் யோசிக்காத ஒன்று உண்டு. அக்குளில் ஆபரேஷன் ஆனவர்களில் பலருக்கு மேல் கையின் உள்பக்கம் உணர்ச்சி குறைந்திருக்கும். எனக்கு அந்த இடத்தில் சூடு தெரியவில்லை. தோல் வெந்து கொப்புளமாகி உடைந்தது.

மூன்றாம் நாள் ராத்திரி குளிர் ஜுரம். இரண்டு கம்பளி போர்த்தியும் பல் அடித்துக்கொண்டது. காலையில் பக்கத்து டாக்டரிடம் போனோம். கையைக் காட்டக் கூச்சப்பட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார். அவர் மேல் குற்றமில்லை, காட்டாத கையை அவர் எப்படிப் பார்ப்பார்? மறுநாள் நடக்க முடியாமல் போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் இடது கையில் பட்டையைக் கட்டச் சேலையை விலக்கினார், அப்படியே நின்றுவிட்டார். முழங்கையிலிருந்து தோள் வரை செக்கச் செவேல். தோலுக்கடியில் கிருமி பரவும் செல்லுலைட்டிஸ். நான்கு நாள் நரம்பு வழியே ஆன்டிபயாட்டிக். பில் 38,400.

அந்த பில் கட்டும்போதுதான் இன்னொரு தவறின் விலையும் தெரிந்தது. கீமோ நடுவில் வேலையை விட்டிருந்தேன். தலை மந்தமாகிப் போய், கணக்கில் வாழ்ந்தவள் கூட்டலில் தப்பு விட ஆரம்பித்தேன், அவமானமாக இருந்தது, டிசம்பரில் எழுதிக் கொடுத்துவிட்டேன். (அந்த மந்தம் ஒரு வருடத்தில் பெரும்பாலும் தெளிந்துவிட்டது. அவசரப்படாமல் இருந்திருக்கலாம்.) வேலையோடு கம்பெனியின் குழுக் காப்பீடும் போனது. விலகும் முன்பே கேட்டிருந்தால், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பித்திருக்கலாம், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தர அவர்கள் வைக்கும் காத்திருப்புக் காலத்தில் பழைய வருடங்களும் கழிந்திருக்கும். அப்படி ஒரு வழி இருப்பதே அப்போது தெரியாது. பிறகு புதிதாக பாலிசி கேட்டுப் போன இரண்டு இடத்தில் நோயின் பெயரைக் கேட்டதும் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் கம்பெனியிலேயே தையல் பிரிவில் இருந்த ஒரு பெண்ணுக்கு என்னைப் போலவே வந்தபோது, அவர் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருந்ததால், இரண்டு வருடம் வரை சம்பளத்தில் 80 சதவீதம் நோய்க்காலப் பணம் வாங்கத் தகுதி இருந்தது. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர்கள், இரண்டு வருடமாவது வேலையில் இருந்தவர்கள், ராஜினாமாக் கடிதம் எழுதும் முன் இஎஸ்ஐ அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். உடம்பு முடியாத நேரத்தில் எடுக்கும் வேலை முடிவு அநேகமாகத் தப்பாகத்தான் இருக்கும், அதனால் லீவு கேளுங்கள், சம்பளமில்லாத லீவானாலும்.

ஜனவரியில் கோவையில் கை வீக்கத்துக்கென்றே பயிற்சி எடுத்த ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். என் கையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆபரேஷனுக்கு முன்னாடி அளவு எடுத்தீங்களா?" எடுக்கவில்லை. தையல் அக்கா நோட்டைப் பற்றிச் சொன்னேன். சிரிக்கவில்லை, போன் போட்டு அந்த அளவைக் கேட்டு எழுதிக்கொண்டார். மணிக்கட்டிலிருந்து மேலே வரை நான்கு நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து இரண்டு கையையும் அளந்தார். மோசமான இடத்தில் நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம். அவர் விளக்கியது இதுதான்: கையின் நிணநீர் வடிகிற வழியில் இருந்த 18 மடைகளை எடுத்தாகிவிட்டது, மிச்சமிருந்ததைக் கரண்ட் இறுக்கிவிட்டது. வடிகால் குறுகிப்போன வயலில் மழை பெய்த மாதிரிதான். அழுத்தி உருவினால் தண்ணீர் போகாது, மெல்லிய குழாய்கள் இன்னும் கெடும். அவர் செய்த நீவலை முதல் நாள் பார்த்து, இதற்கா 900 ரூபாய் என்று நினைத்தேன். தோலைத் தொட்டு லேசாக இழுத்து விடுகிற மாதிரிதான் இருக்கும். அதையும் கையில் ஆரம்பிக்க மாட்டார். முதலில் கழுத்து, அப்புறம் வலது அக்குள், அதன் பிறகுதான் வீங்கின கை. முடிந்ததும் விரலிலிருந்து தோள் வரை அடுக்கடுக்காகக் கட்டு, ராத்திரியும் அதோடுதான் தூக்கம். மூன்று வாரம் தங்கை வீட்டில் தங்கி 15 முறை போனேன். 13,500 ரூபாய், கட்டுத் துணிகளுக்கு 6,800. வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டருக்கு இறங்கியது. அப்புறம் அளவெடுத்து அழுத்த உறை இரண்டு, 8,400. ஒன்றைத் துவைத்தால் ஒன்றைப் போட. ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், மாற்ற வேண்டும். எத்தனை சலுகை விலைக்குக் கிடைத்தாலும் அளவெடுக்காமல் ஆன்லைனில் வாங்காதீர்கள். சரியில்லாத உறை ஓரிடத்தில் இறுக்கி, கீழே இன்னும் வீங்க வைக்கும்.

தையல் அக்கா சொன்ன அன்றே போயிருந்தால் உறையும் நான்கைந்து நாள் பயிற்சியுமாக முடிந்திருக்கும் என்று அந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா சொன்னார். அதனால் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். அக்குளில் நெறிக்கட்டி எடுத்தவர்கள், அல்லது எடுக்கப் போகிறவர்கள், இன்றைக்கே ஒரு இன்ச் டேப் எடுத்து இரண்டு கையையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மணிக்கட்டு, முழங்கைக்கு அரைச் சாண் கீழே, அரைச் சாண் மேலே, எப்போதும் அதே இடம். மாதம் ஒருமுறை போதும். வளையல், மோதிரம், வாட்ச் பட்டை இறுகினாலும், அளவு மாறாமல் பாரம் மட்டும் தெரிந்தாலும் போய்க் காட்டுங்கள். அந்தக் கையில் தோல் காயாமல் தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவுங்கள், பாத்திரம் தேய்க்கவும் செடி வெட்டவும் கையுறை, அடுப்பில் எச்சரிக்கை. ஊசியும் பிரஷர் பட்டையும் முடிந்தவரை மறு கையில். சிவந்து சூடாகி ஜுரம் வந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம், அன்றே ஆன்டிபயாட்டிக் வேண்டும். முந்தானையை விலக்கிக் காட்டுங்கள்.

எனக்கு ஒரு வருடம் ஒரு குடம் தண்ணீர் தூக்க விடவில்லை. அது தப்பு என்று பிறகு தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கூட்டித் தூக்கும் பயிற்சி வீக்கத்தை அதிகமாக்குவதில்லை என்று 2009இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது, அதைத்தான் இப்போது தெரபிஸ்டுகள் பின்பற்றுகிறார்கள். உறையைப் போட்டுக்கொண்டு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆரம்பித்தேன். இப்போது மூன்று கிலோ. மாவாட்டும் கல்லைத் தூக்கிக் கழுவுகிறேன். அத்தை பார்க்கும்போது மட்டும் தூக்குவதில்லை.

அடுத்த நஷ்டம் முழுக்க முழுக்க பயத்தால் வந்தது. 2023 ஆகஸ்டில் இரண்டு வருடம் முடிந்தது. அதே மாதம், என்னோடு கீமோ நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு எலும்பில் திரும்ப வந்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கு வலி இல்லை, இருமல் இல்லை, ஒன்றுமில்லை. ஆனாலும் தூக்கம் போய்விட்டது. ஒருமுறை முழுசாகப் பார்த்துவிட்டால் நிம்மதி என்று, சொந்தத்தில் இருந்த ஒரு டாக்டரிடம் சீட்டு வாங்கி, என் புற்றுநோய் டாக்டரிடம் சொல்லாமல், பெட் ஸ்கேன் எடுத்துவிட்டேன். 18,500. ரிப்போர்ட்டில் நெஞ்சுக்கு நடுவில் இரண்டு நெறிக்கட்டி பிரகாசமாக இருக்கிறது, பரவல் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு வந்த மூன்று வாரத்தை என்னால் எழுத முடியாது. பையனுக்குப் பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் எழுதி வைத்தேன். தொண்டை வழியாகக் குழாய் விட்டுச் சதை எடுத்தார்கள், 32,000. போக்குவரத்து, தங்கல் 5,000. கடைசியில் புற்றுநோய் இல்லை. பழைய காசநோய்த் தழும்பு மாதிரியான திரட்சி. என் அப்பாவுக்கு நான் சிறுமியாக இருந்தபோது டிபி இருந்தது. பெட் ஸ்கேனில் சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் எதுவும் ஒளிரும், புற்றுநோய்தான் என்றில்லை. நம் ஊரில் நிறையப் பேருக்கு உள்ளே டிபி தழும்பாவது தூங்குகிற கிருமியாவது இருக்கும் என்று டாக்டர் சலித்துக்கொண்டார்.

"யாரு இதை எடுக்கச் சொன்னது?" என்று கோபப்பட்டவர், அப்புறம் உட்கார வைத்து விளக்கினார். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு முதல் மூன்று வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் பரிசோதனை, பிறகு இரண்டு வருடம் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பின் வருடம் ஒன்று. மிச்சமிருக்கும் மார்பில் வருடம் ஒரு மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. அவ்வளவுதான். பெட், எலும்பு ஸ்கேன், ரத்தத்தில் புற்றுநோயின் அடையாளம் தேடும் மார்க்கர் என்று வரிசையாக எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை. இத்தாலியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துத் தனித்தனியாகச் செய்த இரண்டு ஆய்வுகள் 1994இலேயே இதைச் சொல்லிவிட்டன. அன்றைக்குப் பெட் கிடையாது, எலும்பு ஸ்கேனும் நெஞ்சு எக்ஸ்ரேயும் கல்லீரல் ஸ்கேனும்தான். ஆனால் டாக்டர்கள் இன்றும் அந்த முடிவைத்தான் ஒட்டி நடக்கிறார்கள். தொந்தரவு இருந்தால் கதை வேறு. எனக்கு அவர் கொடுத்த கணக்கு: புதிதாக ஒரு வலி, இருமல், மூச்சு வாங்கல், தலைவலி, காரணமில்லாமல் எடை குறைவது, எதுவானாலும் இரண்டு வாரம் விடாமல் இருந்தால் செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் வா. தழும்பின் மேலோ அக்குளிலோ கட்டி தட்டுப்பட்டால் இரண்டு வாரம்கூட வேண்டாம். இந்த இரண்டு வாரக் கணக்கு எனக்குப் பெரிய ஆறுதல். முதுகு வலித்தால் காலண்டரில் ஒரு புள்ளி வைக்கிறேன். இதுவரை எல்லாமே பத்தாம் நாளுக்குள் போய்விட்டது.

அந்த மூன்று வாரம் என்னை உடைத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். காரணமில்லாமல் அழுகை, சமைக்கப் பிடிக்காது. பக்கத்து டாக்டர் ஃப்ளூவாக்ஸிடின் என்ற மனச்சோர்வு மாத்திரை எழுதினார். இந்த முறை ஃபைலை எடுத்துக்கொண்டு என் டாக்டரிடம் போய்க் கேட்டேன். கேட்டது நல்லதாகப் போயிற்று. ஃப்ளூவாக்ஸிடினும் பரோக்ஸிடினும் டமாக்சிஃபெனை உடம்பு வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுவதைத் தடுக்கும். அதற்குப் பதில் வென்லாஃபாக்ஸின் கொடுத்தார். அது மனசுக்கும் ஆயிற்று, ராத்திரியில் திடீரென உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி வந்து வியர்ப்பதும் பாதியாகக் குறைந்தது. ஒன்றரை வருடம் தலையணை நனைய நனையப் படுத்திருந்தேன், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முன்பே குறைந்திருக்கும்.

கணவன் மனைவி விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், எனக்கு யாரும் சொல்லாததால். ஒரு மார்பு இல்லாத உடம்பை அவர் பார்க்கக் கூடாது என்று இருட்டில்தான் சேலை மாற்றுவேன். கீமோவும் மாத்திரையும் சேர்ந்து உள்ளே வறட்சி, வலி. நான் ஒதுங்கினேன், எனக்கு வலிக்கும் என்று பயந்து அவரும் ஒதுங்கினார். இரண்டு பேரும் இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. கடைசியில் மகப்பேறு டாக்டர் அம்மாதான் பேச்சை எடுத்தார். ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல் மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. ஹார்மோன் கலந்த கிரீம் எதையும் கேட்காமல் வாங்கக் கூடாது. மாதவிலக்கு நின்றுவிட்டதே என்று கருத்தடையை விடக் கூடாது, டமாக்சிஃபென் சாப்பிடும்போது கரு தரித்தால் குழந்தைக்கு ஆபத்து. அதிலும் ஹார்மோன் மாத்திரை ஆகாது, காப்பர் டி மாதிரி வேறு வழிதான். 2024 தொடக்கத்தில், விலக்கு நின்று இரண்டு வருடம் கழித்து, ஒருநாள் லேசாக உதிரம் பட்டது. பழைய நானாக இருந்தால் மறைத்திருப்பேன். அன்று சாயந்தரமே போன் செய்தேன். டமாக்சிஃபென் கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்க வைக்கும், அபூர்வமாக அங்கே புற்றுநோயும் வரும். எனக்கு இருந்தது சின்ன பாலிப். எடுத்தார்கள், சாதாரணக் கட்டி. ஒரு வாரத்தில் முடிந்தது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முள்சீத்தாப் பொடி, கோதுமைப்புல் சாறு, மஞ்சள் மாத்திரை என்று ஆளாளுக்குச் சொன்னதை வாங்கி 11,000 ரூபாய் போனது. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவு ஏறியிருந்தது, டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார், இறங்கிவிட்டது. குழம்பில் போடும் மஞ்சள் வேறு, மாத்திரையாக விழுங்கும் மஞ்சள் வேறு. உடம்பு தேற வேண்டும் என்று ஆட்டுக்கால் சூப்பும் நெய்யுமாகச் சாப்பிட்டு ஒன்பது கிலோ ஏறினேன், எடை ஏறினால் கை வீக்கமும் ஏறும். இப்போது தினம் அமராவதி ஆற்றுப் பக்கம் முக்கால் மணி நேரம் நடை. அசதிக்குப் படுத்தால் அசதி கூடுகிறது, நடந்தால் குறைகிறது. இதை முதலில் சொன்னவரை அடிக்கலாம் போல இருந்தது.

தெரியாமல் விட்ட சில்லறைகளில் இரண்டு. செக்கப்புக்குப் போய் வரும்போதும் ரயிலில் புற்றுநோயாளிக்குச் சலுகை உண்டு, சிகிச்சைக் காலத்துக்கு மட்டும் இல்லை. ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் டிக்கெட் இலவசம், கூட வருகிறவருக்கு 75 சதவீதம் குறைவு. இரண்டாம் வகுப்பு, சேர் கார் என்றால் இருவருக்கும் 75 சதவீதம். அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்க வேண்டும். இன்னொன்று வருமான வரி. பழைய வரி முறையில் கணக்குக் கொடுப்பவர், தன்னை நம்பி இருப்பவரின் புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கைப்பணம் செலவழித்திருந்தால், 80டிடிபி பிரிவில் 40,000 ரூபாய் வரை கழிக்கலாம், நோயாளி மூத்த குடிமகன் என்றால் ஒரு லட்சம் வரை. என் கணவரின் கடைக் கணக்கைப் பார்ப்பவர் இதைச் சொன்னபோது எங்கள் பெரிய செலவு நடந்த வருடம் கடந்துவிட்டது. கணக்கு வேலை பார்த்த எனக்கே தெரியவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இப்போது செக்கப்புக்கு ஒரு தாளோடு போகிறேன். மூன்று மாதத்தில் என்ன தொந்தரவு, எத்தனை நாள், கை அளவு, மூன்று கேள்வி, ஒரு பக்கத்துக்குள். டாக்டர் அதைப் படித்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறார், நேரமும் அதே நாலு நிமிஷம்தான். சிகிச்சை முடிகிற அன்றே டைப் அடித்த ஒரு சுருக்கம் கேட்டு வாங்குங்கள்: என்ன ஆபரேஷன், எத்தனை நெறிக்கட்டி, எந்த மருந்து மொத்தம் எவ்வளவு, கரண்ட் எத்தனை நாள், எந்தப் பக்கம். சிவப்பு மருந்துக்கு வாழ்நாள் வரம்பு உண்டு, அது இதயத்தைப் பாதிக்கக் கூடியது, பின்னால் எந்த டாக்டருக்கும் அந்த எண் தேவைப்படும். என் ஃபைலில் 140 தாள் இருந்தது, அந்த ஒரு தாள் இல்லை. வாங்க இரண்டு தடவை கோவைக்கு அலைந்தேன்.

போன வாரம் தையல் அக்கா ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், ஜனவரியில்தான் கரண்ட் முடிந்ததாம். தலையில் குட்டையாக முடி. காபி கொடுத்தேன். இடது கையை மடியில் வைத்து வலது கையால் பிடித்துக்கொண்டே பேசினாள். "ஒண்ணும் இல்லீங்க்கா, கொஞ்சம் பாரமா இருக்குது, அவ்வளவுதான். உசுரு தப்புனதே பெருசு" என்றாள். உள்ளே போய் இன்ச் டேப்பை எடுத்து வந்தேன். "சரி, கையை நீட்டு கண்ணு" என்றேன்.